மாலை ஆறரைக்கு மட்டும் உறுமும் ஃபேசர்

அக்டோபர் 7, மாலை 5.10 (கேட்டது கோத்தகிரி மாணவர்)

அண்ணா, கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்தமாக ஒரு ஃபேசர் பெடல் (கிட்டார் ஒலியைச் சுழலவைக்கும் டப்பா) செய்ய ஆசை. பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாது. அடாப்டர் போட்டால் ஹம்மிங், அதாவது ஒரு உறுமல், வரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஹம்மிங் இல்லாமல் கரண்ட் கொடுக்க வழி உண்டா? டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்குள் முடிக்க வேண்டும்.

அக்டோபர் 7, இரவு 9.45

வழி இருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. நான் கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது அறையில் உட்கார்ந்து செய்த முதல் பெடலே ஃபேசர்தான். இப்போது குன்னூரில் என் மேசைக்கு அடியில் கிடக்கிறது, இன்றும் ஓடுகிறது.

டிரெமோலோ பெடல் இதைவிடச் சுலபம், சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். கோரஸ் பெடலுக்கு ஒலியைத் தாமதப்படுத்தும் தனி டிலே ஐ.சி. வேண்டும், அதில் போலி நிறைய. ஃபேசர் இரண்டுக்கும் நடுவில். 1974-ல் வந்த எம்.எக்ஸ்.ஆர். கம்பெனியின் ஃபேஸ் 90-ஐ மாதிரியாக வைத்துக்கொள். ஒரே திருகு, அதுவும் வேகத்துக்கு மட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். கிட்டார் ஒலியை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒன்று நேராகப் போகிறது. இன்னொன்று நாலு படி ஏறி இறங்கிப் போகிறது. ஒவ்வொரு படியும் ஒலியின் அளவைத் தொடாமல் அதன் கட்டத்தை (ஃபேஸ், அலை ஏறி இறங்கும் நேரம்) மட்டும் தள்ளிவிடும். கடைசியில் இரண்டையும் சேர்க்கும்போது, எந்த அலைவெண்ணில் இரண்டும் நேரெதிராக நிற்கிறதோ அங்கே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். நாலு படிக்கு இப்படி இரண்டு பள்ளங்கள் கிடைக்கும். அந்தப் பள்ளங்களை ஒரு மெதுவான ஆசிலேட்டர் (தானே ஏறி இறங்கும் மின்னலையைக் கொடுக்கும் சுற்று) மேலும் கீழும் நகர்த்துகிறது. நம் மலை ரயில் வளைவுக்குள் போய் வெளியே வரும்போது சத்தம் சுழன்று வருமே, கிட்டத்தட்ட அப்படி.

கரண்டுக்கு: 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்று, நாலு டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) வைத்து ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ், 16 வோல்ட் தாங்கும் 470 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர், மின்னழுத்தத்தை 9-ல் நிறுத்தும் 7809 ரெகுலேட்டர். பெடலுக்கு 9 வேண்டும், 9 வாங்கு. வேலை முடிந்தது.

அக்டோபர் 8, காலை 7.20

ஒன்றை விட்டுவிட்டேன். கிட்டார் பெடல் உலகத்தில் பவர் ஜாக்கின் நடு ஊசி மைனஸ், வெளி வளையம் பிளஸ். வீட்டில் கிடக்கும் ரூட்டர் அடாப்டரெல்லாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அளவு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் சுகமாக உள்ளே போய்விடும், அப்புறம் ஐ.சி. சுடும். பிளஸ் கம்பியில் ஒரு டயோடு போட்டுவிடு. என்னிடம் இப்படிச் செத்த ஐ.சி. மூன்று இருக்கின்றன. சாவிக்கொத்தில் ஒன்று தொங்குகிறது.

அக்டோபர் 12, இரவு

தம்பி கேட்டது: கல்லூரி லேபில் பி.எஃப்.டபிள்யூ.10 என்ற ஜெ.ஃபெட் (டிரெயின், கேட், சோர்ஸ் என்று மூன்று கால் உள்ள ஒருவகை டிரான்சிஸ்டர்) சும்மா கிடைக்கிறது, அதைப் போடலாமா?

நானும் போட்டுப் பார்த்தவன்தான். நாலு படிக்கும் நாலு ஜெ.ஃபெட். அவை மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறும் தடையாக வேலை செய்கின்றன. நாலும் ஒரே மாதிரி அசைய வேண்டும். ஒன்று முன்னே ஓடி இன்னொன்று தூங்கினால் பள்ளம் ஆழமாக விழாது, ‘ஏதோ அசைகிறது’ என்கிற அளவில் நின்றுவிடும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 9 வோல்ட் பேட்டரி பிளஸ் டிரெயினுக்கு, கேட் நேராக மைனஸுக்கு, சோர்ஸ் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மைனஸுக்கு. சோர்ஸில் மல்டிமீட்டரை வைத்துப் படி. வரும் எண்தான், சற்று முன்பின்னாக, அந்த ஜெ.ஃபெட்டின் அடைப்பு வோல்ட், அதாவது சோர்ஸைவிட எவ்வளவு கீழே கேட்டை இழுத்தால் அது முழுக்க அடைத்துக்கொள்ளும் என்பது. ஒவ்வொன்றுக்கும் எழுதி மஸ்கோத் அல்வா டப்பா மூடியில் வரிசையாக ஒட்டிவைத்தேன். எனக்கு வந்த பி.எஃப்.டபிள்யூ.10 எல்லாம் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டின. ஃபேஸ் 90-ல் சோர்ஸ் உட்கார்ந்திருப்பதே 5.1 வோல்ட்டில். அதிலிருந்து நாலைந்து வோல்ட் கீழே கேட்டை இழுக்க இடமே இல்லை. பெடல் கொட்டாவி விட்டது, சுழலவில்லை. மூலத்தில் இருப்பது 2என்5952, அதன் அடைப்பு வோல்ட் 1.3-லிருந்து 3.5-க்குள். இருபது வாங்கினால் அதில் நாலு ஒத்துப்போகும்.

விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதே. விரல் சூட்டில் எண் நகரும். செருகிவிட்டு ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். நான் முதல் இரவு என்னிடம் இருந்த நாற்பதையும் அளந்து ஜோடி சேர்த்து, மறுநாள் காலை குளிரில் அளந்தால் ஒரு ஜோடியும் ஒத்துப்போகவில்லை. கல்யாணப் பொருத்தம் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்கு யாராவது போனால் சொல்லி வாங்கு. தபாலில் எனக்கு ஒருமுறை வந்தவை மேலே அச்சைச் சுரண்டி வேறு எண் போட்டவை. அசிட்டோன் தடவினால் எழுத்து கையோடு வந்தது.

அக்டோபர் 19

பெடல் வேலை செய்கிறதாம், பேட்டரியில். பின்னால் கடிகாரம் மாதிரி ‘டிக்... டிக்...’ என்று வருகிறதாம், வேகத்தைக் கூட்டினால் டிக்கும் கூடுகிறதாம்.

இது ஹம்மிங் இல்லை, இரண்டையும் குழப்பாதே. ஆசிலேட்டர் ஐ.சி. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவும்போது திடீரென்று கரண்டை இழுக்கிறது. பவர் கம்பியே ஒரு குலுங்கு குலுங்கும், அது ஒலிப் பாதையில் கேட்கிறது. அந்த ஐ.சி.க்கு மட்டும் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பவர் கொடுத்து, அதன் காலடியிலேயே 100 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்று வை. அங்கே டி.எல்.072 போட்டிருந்தால் எடுத்துவிட்டு டி.எல்.062 போடு, குறைவாகக் குடிக்கிற ஜாதி. ஆசிலேட்டரின் கிரவுண்டு கம்பியை ஒலிப் பகுதி கிரவுண்டோடு நடுவழியில் சேர்க்காதே. இரண்டும் தனித்தனியாக வந்து பவர் ஜாக்கில் மட்டும் சந்திக்கட்டும்.

டாட் போர்டில் எல்லாக் கிரவுண்டையும் ஒரே நீளக் கோடாக ஈயம் இழுத்திருப்பாய். எல்லோரும் முதலில் அப்படித்தான் இழுப்போம்.

அக்டோபர் 20

டிக் போய்விட்டது என்று செய்தி. கிரவுண்டு கோடுதான்.

அக்டோபர் 27, இரவு 8.30

இப்போது அசல் பிரச்சினை. நான் சொன்ன சப்ளையைச் செய்து செருகியிருக்கிறார். பகலில் சுத்தம். மாலை ஆறரை மணிக்கு உறுமல் தொடங்குகிறது, பத்தரைக்கு அடங்குகிறது. ‘அண்ணா, பேய் பிடித்திருக்கிறதா?’

உறுமல் என்ன சுருதி என்று கேட்டேன். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் பிடித்து மீட்டிப் பார், அந்த ஜி சுரத்தோடு ஒட்டுகிறதா? ‘கிட்டத்தட்ட ஒட்டுகிறது, உறுமல் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது’ என்றார். பையனுக்குக் காது நன்றாக இருக்கிறது.

அந்த ஜி 98 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50. பிரிட்ஜ் இரண்டு பக்கத்தையும் மடித்துவிடுவதால் சப்ளையிலிருந்து கசிவது 100. அதாவது ஜிக்கு மேல் ஒரு ஃப்ரெட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு ஒரு ஆக்டேவ் கீழே, பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஜியில் கேட்டால் அது 50, பெரும்பாலும் எர்த் சுற்று (இரண்டு வழியாக எர்த் சேர்ந்து வளையமாவது) அல்லது டிரான்ஸ்பார்மரின் காந்தம். மீட்டர் இல்லாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்கக்காரர்கள் எழுதுவதைப் படித்து பி நோட்டைத் தேடாதே. அவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ், அவர்களுடைய உறுமல் ஏ ஷார்ப்புக்கும் பிக்கும் நடுவில் கிடக்கும்.

ஆக இது 100. சப்ளைதான். ஆனால் மாலையில் மட்டும் ஏன்? அவர் வீட்டுக்குக் கீழே தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறதாம். சாயங்காலம் இலை வந்ததும் வாட்டும் தொட்டிகளுக்கு அடியில் பெரிய மின்விசிறிகளை ஓடவிடுவார்கள். அதன் இரைச்சல்தான் கம்பியில் ஏறுகிறது என்று நினைக்கிறேன். ஒரு லைன் ஃபில்டர் வாங்கிப் போடு.

அக்டோபர் 28, காலை

நேற்று எழுதியதை நம்ப வேண்டாம். படுத்த பிறகு யோசித்தேன். மோட்டார் இரைச்சல் என்றால் கரகரவென்று இருக்கும், இவ்வளவு சுத்தமான சுருதியில் நிற்காது. மேலும் தொழிற்சாலைக்குத் தனி டிரான்ஸ்பார்மர் இருக்கும். ஃபில்டருக்குக் காசு போடாதே. போட்டுவிட்டாயா?

அக்டோபர் 28, காலை 11

போட்டுவிட்டாராம். சரி, இருக்கட்டும், கெடுதல் ஒன்றும் இல்லை. டீச்செலவு என் பேரில் எழுதிக்கொள்.

நவம்பர் 2

என் பழைய சப்ளையைத் தூசி தட்டி எடுத்து என் வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். கோயம்புத்தூரில் அது உறுமியதே இல்லை. ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு மீட்டர், சுவர் பிளக்கில் ஒரு மீட்டர்.

மதியம் இரண்டு மணி: பிளக்கில் 225, ரெகுலேட்டருக்கு முன்னால் 13.5.
மாலை 6.40: பிளக்கில் 168. முன்னால் 9.7.

மீட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். 200-க்குக் கீழே இறங்கியபோது வீட்டு டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. அடுத்த வீட்டில் கீசர், எதிர்வீட்டில் அறை ஹீட்டர், அதற்கு மேல் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு. நவம்பர் குளிர். பேயின் விலாசம் கிடைத்தது.

7809 ஒழுங்காக 9 கொடுக்க வேண்டுமென்றால் அதற்குள் குறைந்தது 11 போக வேண்டும், இரண்டு வோல்ட்டை அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும். 9.7 போனால் ரெகுலேட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் கம்பியாக நிற்கும். வெளியே எட்டுச் சொச்சம் வரும், அதோடு பிரிட்ஜின் அலையும் சேர்ந்து வரும். பத்து மில்லி ஆம்பியருக்கு 470 மைக்ரோ ஃபாரட்டில் அந்த அலை சுமார் 0.2 வோல்ட். கம்பியின் அதிர்வைக் கரண்டாக்கும் கிட்டார் பிக்கப் கொடுக்கும் சிக்னலே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதில் ஒரு பங்கு உள்ளே கசிந்தாலும் போதும், உறுமலும் பாட்டும் ஒரே மேடையில்.

ஆக, தப்பு தொழிற்சாலையில் இல்லை, உன் ஈயத்திலும் இல்லை. ‘9 வேண்டும், 9 வாங்கு’ என்று அக்டோபர் 7-ல் எழுதினவன்மேல். அந்த வரியை நான் அழிக்கப்போவதில்லை.

மாற்று: 12-0-12 டிரான்ஸ்பார்மர், 500 மில்லி ஆம்பியர். அதில் 0-வும் ஒரு 12-ம் மட்டும் பிரிட்ஜுக்கு. நேற்று மாலை இதே 168-ல் ரெகுலேட்டருக்கு முன்னால் 13.3 நின்றது. ஒரு முனகல் இல்லை.

நவம்பர் 2, ஒரு மணி நேரம் கழித்து

அவசரமாக இரண்டு சேர்க்கை. மீதமுள்ள மூன்றாவது கம்பியின் முனையை டேப் சுற்றி மூடு. தவறி இரண்டு 12-ஐயும் பிரிட்ஜுக்குக் கொடுத்தால் முப்பதுக்கு மேல் ஏறிவிடும். இன்னொன்று, மதியம் 225 வரும்போது இப்போது பிரிட்ஜுக்குப் பிறகு 18 வோல்ட் நிற்கும். நான் முன்பு சொன்ன 16 வோல்ட் கண்டென்சர் வெடிக்கும். 35 வோல்ட் போடு. அதையும் 1000 மைக்ரோ ஃபாரட்டாக வாங்கு. பிரைமரியில் (சுவர் கரண்ட் வரும் பக்கம்) ஒரு ஃப்யூஸ்.

நவம்பர் 3

ஒருவர் கேட்கிறார்: ஸ்டெபிலைசர் வைத்தால் போதாதா? ஃப்ரிட்ஜுக்கு வைத்திருக்கிறீர்கள் என்றால் இதையும் அதில் செருகிக்கொள்ளுங்கள். பத்து மில்லி ஆம்பியர் பெடலுக்காக ஒன்று வாங்குவதென்றால், கொசுவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் எடுப்பது போல. அதன் ரிலே ‘டக்’ என்று மாறும் ஒவ்வொரு முறையும் ஆம்பிலும் ஒரு ‘டக்’ வரும், அது வேறு.

பைக்காராவில் 1932-லிருந்து தண்ணீரைக் கரண்டாக்கிக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நம் சந்துக்கு வருவது 168. கிணற்றடியில் இருப்பவன் தாகத்தோடு நிற்பது நமக்குப் பழக்கம்தானே.

நவம்பர் 9

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: ‘ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுங்கள், ஹம்மிங் உடனே நிற்கும்.’

நிற்கும். எனக்குத் தெரியும், நானும் உடைத்தவன். ஒரு கிராமத்துச் சர்ச்சில் கிட்டாரைத் தோளில் மாட்டி மைக்கில் வாயை வைத்தேன். உதட்டில் ஊசி குத்திய மாதிரி ஒரு உதை. பாதிப் பாட்டில் நான் கத்தியதை மக்கள் ஆவியில் நிறைந்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கம்பியில் கை, மைக்கில் வாய், இரண்டுக்கும் நடுவில் நம் இதயம். அன்று என் ஆம்பில் கோளாறு சிறியது, அதனால்தான் இதை எழுதுகிறேன். எர்த்தை யாரும் தொடாதீர்கள்.

எர்த் சுற்று என்று சந்தேகம் இருந்தால் ஆம்ப், பெடல் சப்ளை எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுங்கள். பாதி நேரம் அதுவே போதும். அப்புறம் எர்த் குழியைப் போய்ப் பாருங்கள். உப்பும் கரியும் போட்டு மூடி எத்தனை வருடம் ஆயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மார்ச், ஏப்ரலில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகிவிடும். எங்கள் வீட்டில் ரோஜாச் செடிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு குடம் அதற்கும் போகும். மாமியார் அதையும் ஒரு செடி என்றே நினைக்கிறார்.

இரண்டு பின் அடாப்டர் பற்றி: தொட்டால் சுரீர் என்று மெல்லிய கூச்சம் வருகிறதே, அது உள்ளே இருக்கும் சின்னக் கண்டென்சர் வழியாகக் கசிவது. சாதாரணமாக உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கிட்டாரில் ‘ஈ’ என்று கேட்கும். அதனால்தான் பழைய இரும்பு டிரான்ஸ்பார்மரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

நவம்பர் 16

கோத்தகிரியில் நாலு நாளாக மழையும் மூடுபனியுமாம். பெடல் சுழலவே மாட்டேன் என்கிறதாம். ஹம்மிங் இல்லை, டிக் இல்லை, சுழற்சியும் இல்லை. ஹேர் டிரையர் காட்டினால் பத்து நிமிடம் சுழன்றுவிட்டு மறுபடி நிற்கிறதாம்.

டிரையருக்குக் கேட்கிறது என்றால் ஈரம். ஆசிலேட்டரிலிருந்து ஜெ.ஃபெட் கேட்டுகளுக்குப் போகும் பாதையில் சில மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அந்த இடத்தில் போர்டின்மேல் ஈயம் வைக்கும்போது உருகி வழிந்து காய்ந்த ஃப்ளக்ஸ் மஞ்சள் கோந்தாக ஒட்டியிருக்கும். பனி ஈரம் பட்டால் அதுவே ஒரு ரெசிஸ்டர் ஆகிவிடும், கேட் வோல்ட்டைத் தன் பக்கம் இழுக்கும். சமவெளியில் வருடக்கணக்காகத் தெரியாத இந்தக் குறை இங்கே ஐப்பசியிலேயே பல்லைக் காட்டும். பழைய பல் துலக்கும் பிரஷ், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், இரண்டு முறை தேய். காய்ந்ததும் டிரிம்பாட்டை (போர்டுக்குள் இருக்கும் சின்னத் திருகு) மறுபடி திருப்பிச் சரி செய்.

நவம்பர் 17

சுழல்கிறதாம். பிரஷ் அம்மாவுடையதாம். வேறு வாங்கிக் கொடு.

நவம்பர் 30

டிரான்ஸ்பார்மரைப் பெடல் டப்பாவுக்குள்ளேயே வைக்கலாமா என்று கேள்வி. வேண்டாம். சப்ளைக்குத் தனி டப்பா, ஒன்றரை மீட்டர் கம்பி. டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் 50 ஹெர்ட்ஸில் எல்லாவற்றையும் தொடும், முக்கியமாக வா பெடலின் சுருளையும் ஒற்றைச் சுருள் பிக்கப்பையும். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் மெல்லச் சுற்றிப் பார். ஒரு திசையில் உறுமல் குறைந்தால் அது பிக்கப், பெடலைத் திட்டாதே.

விலை கொடுத்து வார்ப்பு அலுமினியப் பெட்டி வாங்கினேன் என்று பெருமைப்படுகிறவர்களுக்கு: அலுமினியம் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தத்தை அந்தக் கனத்தில் தடுக்காது. என் சப்ளை உட்கார்ந்திருப்பது தேயிலைத் தகர டப்பாவில். தகரம் இரும்பு, கொஞ்சமாவது உறிஞ்சும். டப்பா உடம்புக்கு எர்த் கொடுத்து, விளிம்பு கம்பியை அறுக்காமல் ரப்பர் வளையம் போட்டேன். திறந்தால் இன்னும் தேயிலை வாசனை வருகிறது.

டிசம்பர் 22, இரவு 11.50

கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து இப்போதுதான் வந்தேன். தம்பி குன்னூருக்கே பெடலோடு வந்திருந்தார். முதல்முறையாக நேரில் பார்த்தேன், தாடி வைத்த குழந்தை. மெதுவான வேகத்தில் ஒரே ஒரு பாட்டுக்குப் போட்டார். பின்வரிசையில் ஒரு பாட்டி, ‘ஆர்கன் எங்கே இருக்கிறது?’ என்று திரும்பிப் பார்த்தார்.

நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். உடனே உறுமல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெடலைப் பார்த்தோம். அவர் கேபிளை உருவினார், உறுமல் நிற்கவில்லை. ஹாலின் பழைய ஆம்ப்தான். அவர் குனிந்து ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் பிடித்து மீட்டினார், உதட்டைப் பிதுக்கினார், நாலாவதுக்கு நகர்ந்தார். கச்சிதமாக ஒட்டியது. ஜி ஷார்ப்.

‘அண்ணா, ஜெனரேட்டர் 52-ல் ஓடுகிறது’ என்றார்.